வித்தகத்தில் தும்மல், இரவில் இளைப்பு

கேள்வி: பட்டு வித்தகத்தில் (பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடம்) தாய்ப்பூச்சிகளை ஜோடி பிரிக்கும் வேலை எனக்கு. முதலில் தும்மலும் கண் அரிப்பும்தான் இருந்தன. இப்போது இரவில் இருமல், இளைப்பு. லீவு நாளில் குறைகிறது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு செட்ரிசின் போடுகிறேன். போதுமா? வேலையை விட வேண்டுமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: போதாது. செட்ரிசின் மூக்கையும் கண்ணையும் அடக்கும். சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்காது. லீவில் குறைவதும், வீட்டுக்கு வந்தபின் இரவில் இளைப்பதும் தொழில்வழி ஆஸ்துமாவின் போக்கு. பகலில் உள்ளே போனது பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

காரணம் பூச்சியின் இறக்கைச் செதில். பிரித்ததும் ஆண் பூச்சி படபடவென்று அடிக்கும்போது எழுகிற தூள், விரலில் மாவு போல ஒட்டுமே, அதுதான். அது நொறுங்க நொறுங்க நுண்ணிய தூசாகி நுரையீரல் வரை போகும். கர்ச்சீப் இதைத் தடுக்காது, சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரங்களில் ஒழுகும். என்95 வாங்குங்கள், மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள். கன்னத்தோரம் காற்று தட்டினால் சரியாகப் பொருந்தவில்லை. கண்ணாடி, கையுறை, முழுக்கை மேலங்கியும் வேண்டும். அங்கியை வித்தகத்திலேயே கழற்றிவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோனால் தூசும் கூடவே வரும்.

துடைப்பம் வேண்டாம். உலர்ந்த தரையைப் பெருக்கினால் படிந்த செதிலெல்லாம் மறுபடி காற்றில். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் மின்விசிறி தூசை உங்கள் முகத்தைக் கடந்து இழுக்காதபடி, அதற்கு முதுகு காட்டி உட்காராமல் இடம் மாற்றுங்கள். மறுஜோடிக்கு (மறுபடி ஜோடி சேர்க்க) வைக்கும் ஆண் பூச்சிகளை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கிக் கிடக்கும், தூளும் குறையும். பிளீச்சிங் பவுடர், ஃபார்மலின் அடிக்கும் அன்று உள்ளே போகாதீர்கள். அவை அலர்ஜி இல்லாதவருக்கே மூச்சை முட்டவைக்கும்.

வேலையை விடுவதற்கு முன் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். விட்டபின் போனால் காரணத்தை நிரூபிப்பது கடினம். பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவி) தினம் 4 முறை ஊதி (ஒவ்வொரு முறையும் 3 தடவை, அதில் பெரிய எண்) வேலை நாள், லீவு நாள் இரண்டையும் சேர்த்து 4 வாரம் குறியுங்கள். இன்ஹேலர் எடுக்கும் முன் ஊத வேண்டும். இதற்கிடையே இளைப்பு கூடினால் 4 வாரம் முடியக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆஸ்துமா உறுதியானால் முகக்கவசத்தை மட்டும் நம்பி அதே மேசையில் தொடரக் கூடாது. உடலுக்கு அந்தத் தூசு அலர்ஜியாகிவிட்டபின் கொஞ்சம் தூசே போதும், இழுத்துவிடும். பூச்சி நடமாட்டம் இல்லாத பிரிவுக்கு மாற்றித் தரும்படி மருத்துவர் கடிதத்தோடு கேளுங்கள். சீக்கிரம் மாறினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். பூச்சியை நசுக்கி பெப்ரின் (பட்டுப்புழு நோய்) இருக்கிறதா என்று பார்க்கும் மேசை மட்டும் வேண்டாம், அங்கும் அதே செதில்தான். மாற்று இடமே இல்லையென்றால், ஆம், வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத இளைப்பு வந்தால் 108.