போரை ஆழப்படுத்துவதற்கு முன் வால்வைத் திருகிப் பாருங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் தோட்டம். ஆறரை இஞ்ச் போர், 800 அடி. தண்ணீர் 180 அடியில் நிற்கிறது, மோட்டார் 780-ல். நிமிடத்துக்கு 150 லிட்டர் வருகிறது. ஒரு மணி நேரத்தில் காற்று வாங்கிவிடுகிறது. இன்னும் 400 அடி இறக்கச் சொல்கிறார் ஏஜெண்ட். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் ஆழம் போதும் என்று என்றைக்குச் சொல்லியிருக்கிறார்?

ஆறரை இஞ்ச் போரில் அடிக்குச் சுமார் ஆறரை லிட்டர் நிற்கும். 180-லிருந்து மோட்டார் இருக்கும் 780 வரை 600 அடிக்கு 3,900. நீங்கள் எடுத்தது 9,000. அப்படியானால் பாறை கொடுத்தது 5,100, நிமிடத்துக்கு 85 லிட்டர்தான். போர் போட்ட அன்று கம்ப்ரசர் அடித்துக் காட்டும் ‘ரெண்டரை இஞ்ச் தண்ணி’யிலும் குழாயில் நின்ற தண்ணீர் கலந்திருக்கும். அதை வைத்து மோட்டார் வாங்கி ஏமாந்தவர்கள் நம் பக்கம் ஏராளம்.

வால்வைத் திருகி 60 லிட்டராக வையுங்கள். 200 லிட்டர் டிரம் 3 நிமிடம் 20 விநாடியில் நிறைய வேண்டும். நிறுத்தாமல் ஓட்டி, போருக்குள் தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மட்டம் இறங்கினால் வரத்து குறையும், வால்வைக் கொஞ்சம் திறந்து சரிசெய்யுங்கள். 10 முதல் 100 நிமிடத்துக்குள் 30 அடி இறங்கி, 100 முதல் 1,000-க்குள்ளும் அதே 30 அடி என்றால் பாறை வெடிப்பு தூரமாகப் போகிறது. இரண்டாவதில் 60 அடி என்றால் அந்த வெடிப்பு ஒரு பக்கம் அடைபட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடினாலும் இப்படித்தான் தெரியும். அன்று மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். 1,000 நிமிடம் கிட்டத்தட்ட 17 மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் வரும் போர் தண்ணீர்ச் சான்றிதழ்களில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று ஒரே எண்தான் இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்க எந்த அலுவலகத்துக்கும் தோன்றுவதில்லை!

ஒன்று மட்டும் கவனம். மட்டம் இறங்காமல் நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம்) வாய்க்கால் பக்கத்தில் ஓடுகிறதா? தண்ணீர் விட்டிருக்கும் நாளில் சோதித்தால் வாய்க்கால் கசிவையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். உங்கள் மண்டலத்துக்கு முறை முடிந்து, வாய்க்கால் காய்ந்து, அப்புறம் சில வாரம் கழித்து மறுபடி ஓட்டுங்கள். மழை முடிந்த கையோடும் வேண்டாம். கோடையில் வரும் எண்தான் உங்கள் எண்.

மோட்டாரை நிறுத்தியதும் கிளம்பிவிடாமல், மட்டம் ஏறுவதையும் குறியுங்கள். ஓட்டிய நேரத்துக்கு மேலாகியும் 180-க்குக் கிட்டத்தில் கூட வரவில்லை என்றால் அடியில் இருக்கும் தொட்டியே சிறியது. பக்கத்தில் இன்னொரு போர் போட்டாலும் அதே தொட்டியிலிருந்துதான் எடுப்பீர்கள்.