ட்ரிப்ஸ் ஏற்றினால் ரத்தக்குழாய்க் கொழுப்பு கரையுமா?

சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 52, ஆறு வருடமாகச் சர்க்கரை, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் 168. தம்பி 39 வயதில் மாரடைப்பில் இறந்தவர். 'ரத்தக்குழாய்க் கொழுப்பை ட்ரிப்ஸ் போட்டே கழுவிவிடலாம், மாத்திரை வேண்டாம்' என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னாராம். முன்பணம் கட்டலாமா என்கிறார்.

கட்டாதீர்கள் ஐயா.

உப்புத் தண்ணீர்க் குழாயில் காரை படிவதுபோலக் கொழுப்பு உள்ளே ஒட்டிக்கொள்வதில்லை. எல்டிஎல் துகள் குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள் புகுந்து, அங்கே கெட்டுப்போகிறது. அதை அப்புறப்படுத்த மேக்ரோபேஜ் என்னும் துப்புரவுச் செல்கள் வந்து விழுங்குகின்றன. மற்ற செல்கள் போதுமான கொழுப்பு கிடைத்ததும் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போன எல்டிஎல் விஷயத்தில் மேக்ரோபேஜுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தின்று தின்று, தனக்குள்ளெல்லாம் கொழுப்புக் குமிழிகளோடு நுரைச்செல்லாகி, அங்கேயே செத்துக் குவிகிறது. குவியலின் மேல்மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்து மாரடைப்பு.

சுவருக்குள், செல்லின் வயிற்றில் கிடப்பதை ட்ரிப்ஸ் எப்படிக் கழுவும்? அதில் பெரும்பாலும் ஏற்றுகிற ஈடிடிஏ உலோகங்களைப் பிடிக்கும் மருந்து, கொழுப்பைத் தொடாது. தப்பாக ஏற்றினால் கால்சியம் சரிந்து உயிரே போகலாம், கிட்னியும் கெடும். 'பேக்கேஜ்' என்பவர், முன்பணம் கேட்பவர், 'உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டாம்' என்பவர் யாரையும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மருத்துவப் பரிசோதனை முகாம் போட்டு ரத்தம் எடுக்கிறார்கள், முடிவுத் தாளைக் கையில் திணிக்கிறார்கள், விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்க ஆளில்லை. அந்த ஓட்டையில்தான் ஏஜென்ட் நுழைகிறான். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

உங்களுக்கு வேண்டியது ஸ்டேடின் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் கல்லீரல் தன் கொழுப்பு உற்பத்தியைக் குறைத்து, ரத்தத்து எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்ளும். செல்கள் அதை இழுக்கும் வழியைக் கண்டறிந்ததற்காகவே அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் பெற்றார்கள். சுவருக்குள் புகுவது குறையும், மூடியும் உறுதிப்படும். சர்க்கரை உள்ளவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே, பலருக்கு 70-க்கும் கீழே வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை இலவசம்.

தம்பி விஷயம் தனி. சில குடும்பங்களில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பியே பிறவியில் பழுது. ஒல்லியாக இருப்பார்கள், எண்ணெயே தொடமாட்டார்கள், ஆனாலும் எல்டிஎல் 190-ஐத் தாண்டும். குதிகால் தசைநாண் தடிக்கும், விரல் முட்டியில் கட்டி தெரியும். ஒன்றும் தெரியாமலும் இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் 168-ஐப் பார்த்தால் உங்களுக்கு இது இல்லாதிருக்கலாம், தம்பிக்கு இருந்திருக்கலாம். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதென்றாலும் இந்த வாரமே எல்டிஎல் பார்த்துவிடுங்கள்.