விழாக் கூடங்களும் எல்லோருக்குமான கழிப்பறையும்: கேள்வி பதில்

கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி சரியாக இருக்கிறதா என்று அளந்து சொல்வது என் தொழில். நானும் சக்கர நாற்காலியில் இருப்பவன். மண்டபம், உணவகம், அரங்கு என்று நாலு பேர் கூடும் இடங்களைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் சங்க ஆண்டுவிழாவுக்கு இடம் தேடுகிறேன். எங்கே கேட்டாலும் "எல்லா வசதியும் இருக்கிறது" என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

அளவு நாடாவோடு நேரில் போங்கள். கழிப்பறைக் கதவை 90 பாகை திறந்து, திறந்த கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளந்து பாருங்கள். சக்கரம் நுழையக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அமெரிக்க விதிப்படி குறைந்தது 815 மி.மீ. வேண்டும், நான் 900 கேட்பேன். உள்ளே நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள வெற்றுத்தரை வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், அல்லது சறுக்குக் கதவாக இருக்கட்டும். உள்ளே ஒருவர் கதவருகே விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது.

அப்புறம், அந்த அறையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் போய்ப் பார்க்கும் இடங்களில் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: அளவெல்லாம் கச்சிதம், உள்ளே மடக்கு நாற்காலி அடுக்கு, வாளி, துடைப்பம். சாமான் அறையாக்கிவிட்ட கழிப்பறை கழிப்பறைக் கணக்கில் வராது.

கைப்பிடிக் கம்பி எதற்கு, எங்கே? எங்கள் ஒப்பந்தக்காரர் அழகுக்காக வாஷ்பேசின் பக்கம் வைத்திருக்கிறார்.

கழற்றி மாற்றச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து கழிப்பறைக் கோப்பைக்கு மாறுவது எப்படி என்று தெரிந்தால் கம்பி எங்கே வேண்டும் என்பது தானே புரியும்.

நாற்காலியைக் கோப்பைக்குப் பக்கத்தில், அதே திசை பார்த்து, பின்னோக்கி நுழைக்கிறோம். பிரேக் போடுகிறோம். கைதாங்கியைத் தூக்கிவிடுகிறோம். ஒரு கை நாற்காலியில், மறு கை சுவர்க் கம்பியில். முழு உடல் எடையையும் அந்த இரண்டு கைகளில் ஏற்றி, இடுப்பைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்துகிறோம். அந்த நொடியில் கம்பி ஆடினால் கீழே விழ வேண்டியதுதான். அதனால்தான் கம்பி சுமார் 113 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. சுவர் டைல்ஸ் மேல் பசை வைத்து ஒட்டிய கம்பி அதைத் தாங்காது.

இதற்குக் கோப்பையின் ஒரு பக்கம் குறைந்தது 900 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் குப்பைக்கூடையை வைக்கிறார்கள். காலி இடம் உள்ள பக்கம் மடக்குக் கம்பி, சுவர்ப் பக்கம் நிலையான கம்பி. உட்காரும் உயரம் 450 முதல் 480 மி.மீ.; நாற்காலியின் இருக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

ஒன்று மறந்துபோகிறது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு எந்தப் பக்கமிருந்து மாறுகிறோம் என்பது முக்கியம். இரண்டு கழிப்பறை கட்டுகிறீர்கள் என்றால் ஒன்றில் காலி இடம் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் இருக்கட்டும். செலவு ஒன்றும் அதிகமாகாது.

வாசலில் மூன்று படிதான். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம், போதாதா?

போதாது. மின்சார சக்கர நாற்காலி பல, ஆள் ஏறாமலே 100 கிலோவைத் தாண்டும். தூக்குகிறவர் பிடிக்கும் கைதாங்கி கழன்று வரக்கூடியது. வழுக்கினால் அடி வாங்குவது உட்கார்ந்திருப்பவர். இதையெல்லாம் விட, கூட்டமே பார்க்க ஒருவரை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போவது அவருக்கு என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். 1:12 சரிவில் சாய்தளம் போடுங்கள்: 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். உங்கள் மூன்று படி 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர்.

எங்கள் மண்டபத்துக்கு இதுவரை ஒரு சக்கர நாற்காலி விருந்தினர்கூட வந்ததில்லை. யாருக்காகச் செலவு செய்வது?

வர முடியாத இடத்துக்கு எப்படி வருவார்கள்? அழைப்பு வந்ததும் நாங்கள் முதலில் யோசிப்பது கழிப்பறையைத்தான். வசதி இல்லை என்று தெரிந்தும் வந்தே ஆக வேண்டும் என்றால், முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தண்டுவடப் பாதிப்பு உள்ளவருக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடலாம். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்பதை 30ஆம் பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது.

இரண்டு படி, ஆள் வைத்துத் தூக்கினால்…

மேலே சொல்லிவிட்டேன்.

வரிசை நீளமாக நிற்கும்போது காலியாகக் கிடக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையை மற்றவர்கள் பயன்படுத்துவது தப்பில்லையா? நன்றாக நடக்கிற ஒரு பெண் உள்ளே போனதைப் பார்த்து நான் கேட்டே விட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. நடக்கிறவர் எல்லோருக்கும் சிக்கல் இல்லை என்று பார்வையால் முடிவு செய்ய முடியாது.

அப்படிக் கேள்வி கேட்கப்பட்டவள் நான். எனக்கு வயிற்றில் ஆஸ்டமி பை, அதாவது அறுவை சிகிச்சையில் வைத்த திறப்பு வழியே கழிவு வந்து சேரும் பை, இருக்கிறது. அதை வாசலில் நின்று விளக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம், அம்மா. உங்களுக்கு வேண்டியது நின்றபடி பையைக் காலி செய்ய இடம், சாமான் வைக்க ஒரு சிறு தட்டு, உடையை மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைக்கூடை, கைக்கெட்டும் தண்ணீர். கொக்கியும் தட்டும் வைக்க எவ்வளவு ஆகிவிடும்? அதைக்கூட வைக்காத இடங்கள்தான் அதிகம்.

எல்லாம் சரி. நான் வெளியே நாற்காலியில் தவித்துக் காத்திருக்கிறேன். உள்ளே நாலு பேர் உடை மாற்றி அலங்காரம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதையும் "யாரையும் கேட்காதே" என்பீர்களா?

உங்கள் கோபம் நியாயமானது. மற்றவர்களுக்கு வேறு கதவு உண்டு. உங்களுக்கு அது ஒன்றுதான். ஆனால் அதற்காக வாசலில் காவலுக்கு நின்று ஆளைத் தரம் பிரித்தால் அடிபடுவது மேலே எழுதிய அம்மாதான். மாற்ற வேண்டியது கட்டடத்தை. பொதுக் கழிப்பறையிலேயே கொஞ்சம் அகலமான, கம்பி வைத்த ஓர் அறை இருந்தால், தடியூன்றி நடப்பவரும் முதியவரும் அங்கே போவார்கள். குழந்தைக்கு உடை மாற்றும் பலகையையும் கண்ணாடி மேசையையும் வேறு இடத்தில் வையுங்கள். வரிசை தாங்காமல் காலியாக இருக்கும்போது யாராவது நுழைந்தால், வேலையை முடித்து உடனே வெளியே வரட்டும். அங்கே நின்று தலை வாரக் கூடாது.

அப்படியானால் பூட்டி வைத்து, கேட்பவருக்குச் சாவி கொடுத்தால்?

பிரிட்டனில் 1981 முதல் ஒரு திட்டம் உண்டு: பூட்டிய அணுகல் கழிப்பறைகள் (மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி கட்டியவை) ஆயிரக்கணக்கில் ஒரே சாவியால் திறக்கும், அந்தச் சாவி பயன்படுத்துபவரின் பையிலேயே இருக்கும். ஜெர்மனியிலும் 1986 முதல் அப்படி ஒரு பொதுச்சாவி இருக்கிறது. சாவி மேலாளரின் சட்டைப்பையில் இருந்து, அவர் சாப்பிடப் போயிருந்தால் நாங்கள் என்ன செய்வது? பூட்டினால் அடுத்த வாரமே அங்கே நாற்காலி அடுக்குவார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

சாமான் வைக்க வேறு இடமே இல்லை. நிகழ்ச்சி அன்று மட்டும் எடுத்துவிடுகிறோம்.

எடுக்க மாட்டீர்கள். இன்றே எடுங்கள்.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. டயப்பர் மாற்ற வேண்டும். எந்த அரங்குக்குப் போனாலும் கழிப்பறைத் தரையில் படுக்க வைத்துத்தான் மாற்றுகிறேன்.

இதைப் படிக்கவே மனம் பொறுக்கவில்லை. சாதாரண அணுகல் கழிப்பறை உங்களுக்குப் பயன்படாது. பிரிட்டனில் 2006இல் 'சேஞ்சிங் பிளேசஸ்' என்ற இயக்கம் தொடங்கியது இந்தத் தேவைக்காகத்தான்: பெரியவர் படுக்கும் அளவுள்ள, உயரம் மாற்றக்கூடிய பலகை, ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட், உதவுகிறவர் இருவர் நிற்க இடம். அறை 12 சதுர மீட்டர். பெரிய அரங்கு கட்டுகிறவர்கள் வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்குங்கள். அதுவரை, நீங்கள் போகும் இடத்தில் கதவு தாழிடும் தனி அறையும் உறுதியான கட்டிலும் முன்கூட்டியே கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், இது சலுகை இல்லை.

லிஃப்ட் எந்த மாடல் வாங்கலாம்?

லிஃப்ட் பொறியாளரைக் கேளுங்கள்.

தூக்கிச் செல்ல நல்ல முறை ஏதாவது…

சாய்தளம்.

அவசர அழைப்புக் கயிறு தரையில் புரண்டு அழுக்காகிறது. மேலே முடிந்து வைத்திருக்கிறோம்.

இன்றே அவிழ்த்து விடுங்கள். விழுந்து கிடப்பவர் தரையிலிருந்து கை நீட்டிப் பிடிப்பதற்காகத்தான் அது கீழ்வரை தொங்குகிறது. கீழ் வளையம் தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அழுக்கானால் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் கயிறாக மாற்றுங்கள். துப்புரவுப் பணியாளருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். மணி அடித்தால் யார் ஓடி வருவார் என்பதையும் முடிவு செய்து, ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

திறந்தவெளியில் விழா. வாடகைக் கழிப்பறை போதுமா?

சக்கர நாற்காலிக்கான அகலக் கூண்டு வாடகைக்குக் கிடைக்கும். அது தரையோடு தரையாக இருக்க வேண்டும். பலவற்றில் நுழைவில் ஒரு சின்னப் படி இருக்கும், வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள். சமதரையில் நிறுத்துங்கள். புல்லிலும் மண்ணிலும் முன்சக்கரம் புதையும் என்பதால் அங்கே போகும் பாதைக்குப் பலகை விரியுங்கள். இருட்டுவதற்கு முன் பாதைக்கு விளக்கும் போட்டுவிடுங்கள்.