கணினி ஆட்டங்களின் வேகத்தைக் கூட்டும் மாட்களை (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களை) சாதாரண ஆட்டக்காரர்களும் எளிதாக அமைத்துக்கொள்ள என்ன வழி?

எனக்குப் பழக்கமான மைன்கிராஃப்ட் ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

சென்ற விடுமுறையில் அக்கா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டம் திறக்கவே மறுத்தது. ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, ஒரு மாடின் ஜேசன் கோப்பை (அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) நோட்பேடில் திறந்து திருத்தியிருக்கிறான். "ஒரே ஒரு கமாவைத்தான் அழித்தேன், மாமா" என்றான். அந்தக் கமாதான் எல்லாவற்றையும் கவிழ்த்திருந்தது. பன்னிரண்டு வயதுப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பைப் படிக்க முடியாவிட்டால் அதை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, தொடக்க அமைப்புகளோடு ஆட்டத்தைத் திறக்கும்படி அந்த மாடை எழுதியிருக்கலாம். பெரிய வேலையொன்றும் இல்லை.

(அதே காணொளியின் புண்ணியத்தில், 8 ஜிபி நினைவகம் (ரேம்) உள்ள கணினியில் 6 ஜிபியை ஆட்டத்துக்கே ஒதுக்கியிருந்தான். மிச்சத்தில் விண்டோஸ் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.)

லித்தியம் என்ற மாடைப் பாருங்கள். ஆட்டத்தில் வரும் உயிரிகள் வழி தேடுவது போன்ற உள்கணக்குகளை அது விரைவுபடுத்துகிறது. போட்டால் போதும், எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கும் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. பிழை தேடுவதற்குத் தவிர இதில் கைவைக்காதீர்கள் என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. சோடியம் என்ற இன்னொரு மாடில் மாற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் எதன்மேல் சுட்டியை வைத்தாலும் அது என்ன செய்யும், வேகத்தை எவ்வளவு பாதிக்கும் என்று விளக்கம் வருகிறது. எல்லா மாட்களிலும் இது வேண்டும்.

இன்னும் கொஞ்சம் ஆசைப்படுகிறேன். நம்மைச் சுற்றி எத்தனை சங்க் (ஆட்ட உலகின் கட்டம்) தொலைவு வரை காட்டுவது என்பதுதான் பார்வைத் தூரம். அது 12 என்றால், நாம் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து 25க்கு 25, அதாவது 625 சங்க். 8 என்றால் 289தான், பாதிக்கும் கீழே. இந்த எண்ணிக்கை அந்த இடத்திலேயே தெரிந்தால் யாருக்கும் விளங்கும். திரையின் அளவை மாற்றியபின் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் விண்டோஸ் 15 நொடியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது அல்லவா? மாட்களும் அப்படித் திரும்பினால் பிள்ளைகள் பயமில்லாமல் மாற்றிப் பார்ப்பார்கள்.

மருமகனுக்கு 8 வைத்துக் கொடுத்தேன். எஃப்3 விசையை அழுத்தி, பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) ஏறியதையும் காட்டினேன். மறுநாளே அதை 10 ஆக்கிவிட்டான். தூரத்து மலை தெரியவில்லையாம்.