வீட்டிலேயே கார் பாலிஷ்: எத்தனை முறை கழுவ வேண்டும்?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய கருப்பு கார். வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். வீட்டிலேயே பாலிஷ் போட மெஷின், காம்பவுண்ட் (தேய்க்கும் பேஸ்ட்) எல்லாம் வாங்கிவிட்டேன். தினமும் காலையில் துணியால் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், அதனால் ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதாதா? பாத்திரம் கழுவும் லிக்விட் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது. அந்தக் கோடுகளைப் போட்டதே பெரும்பாலும் தினசரி துடைப்புதான். ராத்திரி முழுக்கத் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தால், துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே போகும். முதலில் அதை நிறுத்துங்கள்.

பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் என்பது அதிலிருந்து கொஞ்சத்தைத் தேய்த்து எடுப்பது. மணல் ஒட்டியிருக்கும்போது மெஷினை வைத்தால் பழைய கோடுகளை எடுக்கப்போய்ப் புதுக் கோடுகள் போடுவீர்கள். அதனால் இந்த வேலையில் மூன்று முறை கழுவ வேண்டும்: தொடங்கும்போது, கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்ட பிறகு, பாலிஷ் முடிந்து வேக்ஸுக்கு (பாதுகாப்பு மெழுகுப் பூச்சுக்கு) முன்னால்.

முதல் கழுவலுக்குத்தான் நேரம் அதிகம் ஆகும். நிழலில் நிறுத்தி, பானட்டைத் தொட்டால் சூடு இல்லாமல் இருக்கும்போது ஆரம்பியுங்கள். டயர், வீல் எல்லாம் முதலில், தனி பிரஷ், தனி பக்கெட். அப்புறம் துணியே படாமல் மேலிருந்து கீழே ஹோஸால் நன்றாக அடியுங்கள், பாதி மண் அதிலேயே போய்விடும். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியை, அழுத்தாமல், நேர்கோட்டில் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் மறுபடி ஷாம்பில் விட வேண்டும். கூரையில் தொடங்குங்கள், கதவின் அடிப்பகுதி கடைசி. வேலை முடிந்ததும் அலசிய பக்கெட்டைச் சாய்த்து அடியில் விரலால் தடவிப் பாருங்கள், நறநறவென்று மணல் அகப்படும். ஒரே பக்கெட்டாக இருந்தால் அத்தனையும் திரும்ப பானட்டுக்கே போயிருக்கும்.

பாத்திரம் கழுவும் லிக்விட் பழைய வேக்ஸை ஓரளவு எடுத்துவிடும், பாலிஷுக்கு முன் இந்த ஒரு முறை போட்டால் பெரிய கெடுதல் இல்லை. வாரா வாரம் வேண்டவே வேண்டாம்.

கழுவிய பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பையோடு தடவினால் சொரசொரப்பாக இருக்கும், அதுதான் கிளே பார் எடுக்க வேண்டிய அழுக்கு. ஷாம்பு தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வழுக்கிப் போகிற மாதிரி தேயுங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், அதில் ஒட்டிய மண்ணை எடுக்க முடியாது. கிளே விட்ட பிசுக்கு போக மறுபடி கழுவிக் காயவைத்த பிறகே காம்பவுண்ட்.

மூன்றாவது கழுவலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காம்பவுண்டின் வெள்ளைப் பொடி கதவு இடுக்கு, லோகோ ஓரம் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும், அதன் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சக் கோடுகளை மறைத்தும் விடும். ஷாம்பு போட்டுக் கழுவி, மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றி வட்டக் கோடுகள் இல்லையென்றால் தாராளமாக வேக்ஸ் போடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகி, சென்னை

பதில்: தண்ணீர் காய்ந்தபின் தங்கிவிடும் கால்சியம், மெக்னீசிய உப்பு அது. போர் தண்ணீரிலேயே கழுவுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு பக்கெட் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். தானாகக் காய விடாதீர்கள், தடிமனான மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே நிற்கும் புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில் துணியால் ஒரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு உடனே கழுவிவிடுங்கள். அதற்கும் போகாத புள்ளி பெயிண்டையே அரித்திருக்கும், அதற்குப் பாலிஷ்தான்.