ஒன்று கூட்டவா, கழிக்கவா? – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்குத் திருவட்டாறு பக்கம். பி.ஏ. தமிழ் முடித்து ஏழு வருஷம் ஆகிறது. பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபிறகு குரூப் 4-க்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் தமிழ் தொண்ணூறுக்குக் கீழே இறங்குவதில்லை. கணக்குதான் காலை வாருகிறது. வட்டியும் சதவீதமும்கூட ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டன. இந்த வரிசைக் கணக்கும் எண்ணுகிற கணக்கும் மட்டும் படுத்துகின்றன. எப்போதும் ஒன்று கூடிவிடும், இல்லையென்றால் ஒன்று குறைந்துவிடும். விடைகளில் அந்த இரண்டு எண்ணுமே இருக்கும்!

கோச்சிங்கில் ஒரு தாள் நிறைய சூத்திரம் கொடுத்தார்கள். எதை எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை. கடைசியாக என்னை உதைத்த கணக்கு இது: ‘ஒரு வரிசையில் ராணி இடமிருந்து 15-ஆவது, மேரி வலமிருந்து 20-ஆவது. இருவருக்கும் இடையே 4 பேர். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்?’ எனக்கு 39 வருகிறது. கொடுத்த விடைகளில் 39 இல்லவே இல்லை. கீ-யில் 29 என்றிருக்கிறது. எங்கே தப்பினேன்?

நீங்கள் முன்பு நூலகத்தில் சாயங்கால வகுப்பு எடுத்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிடவா?

சு.

அன்புள்ள சு.,

நீங்கள் எங்கேயும் தப்பவில்லை. 39 சரி. 29-உம் சரி. கேள்வியில்தான் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது.

ஒரு கோடு போடுங்கள். ராணி இடமிருந்து 15-ஆவது புள்ளி. மேரி அவளுக்கு வலப்பக்கம் நிற்கிறாள் என்று வையுங்கள். நடுவே நாலு பேர் என்றால் மேரி இடமிருந்து 20-ஆவது. வலமிருந்தும் அவள் 20-ஆவது. மேரிக்கு இடப்பக்கம் 19, வலப்பக்கம் 19, மேரி ஒருத்தி. ஆக 39. நீங்கள் போட்டது இதுதான்.

ஆனால் மேரி ராணிக்கு இடப்பக்கமும் நிற்கலாமே? அதைக் கேள்வி எங்கேயும் தடுக்கவில்லை. அப்போது மேரி இடமிருந்து 10-ஆவது, நடுவே 11 முதல் 14 வரை நாலு பேர், அப்புறம் ராணி. மேரிக்கு இடப்பக்கம் 9, வலப்பக்கம் 19, மேரி. ஆக 29. கேள்வி எழுதியவர் மனதில் ‘குறைந்தபட்சம் எத்தனை பேர்’ என்று இருந்திருக்கும். தாளில் அது வரவில்லை. இந்த மாதிரி இடத்தில் இரண்டு படமும் போட்டுவிட்டு, எந்த எண் விடைகளில் இருக்கிறதோ அதை எடுங்கள். இரண்டுமே இருந்து, ‘தரவுகள் போதாது’ என்றும் ஒரு விடை இருந்தால் அதுதான் விடை.

எல்லாக் கணக்கிலும் இரண்டு படம் வரும் என்றும் பயப்பட வேண்டாம். ராணி இடமிருந்து 5-ஆவது, மேரி வலமிருந்து 6-ஆவது, நடுவே 8 பேர் என்றால்? ராணிக்கு இடப்பக்கம் நிற்பதே நாலு பேர்தான். எட்டுப் பேரையும் மேரியையும் அங்கே எப்படி நிறுத்துவது? ஒரே படம், ஒரே விடை: 19. சூத்திரத் தாளில் இது தெரியாது. கோட்டில் தெரியும்.

இப்போது உங்கள் ‘ஒன்று’ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அதற்கும் பத்து வயதிலிருந்து பகை.

எங்கள் வீட்டுத் தெற்கு வேலியோரம் 72 அடி நீளத்துக்கு ஏத்தன் வாழை வைப்பதாக அப்பா முடிவு செய்தார். ஆறடிக்கு ஒரு குழி. கன்று வாங்கிவர என்னை அனுப்பினார். நான் அப்போது வகுப்பில் கணக்குப் புலி. 72-ஐ ஆறால் வகுத்தேன், பன்னிரண்டு. பன்னிரண்டு கன்றை உந்துவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அப்பா ஒரு முனையிலிருந்து நட்டுக்கொண்டே போனார். மறு முனையில் ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மண்வெட்டியை ஊன்றி நின்றபடி கேட்டார்: “கடைசிக் குழியில உன்னையா மக்கா நடியது?”

72 அடியில் ஆறடி இடைவெளிகள் பன்னிரண்டு. குழிகள் பதிமூன்று. நான் எண்ணியது இடைவெளியை, அப்பா தோண்டியது குழியை. இதே வாழையைக் கிணற்றைச் சுற்றி 72 அடி வட்டமாக வைத்திருந்தால் பன்னிரண்டு கன்றே போதும். கடைசி இடைவெளி முதல் குழியில் வந்து முடிந்துவிடும். தெருவிளக்கு, வேலிக்கல், மணியடிப்பது, மரத்துண்டு அறுப்பது என்று எந்த வேஷத்தில் வந்தாலும் கணக்கு இதுதான். எண்ணச் சொல்வது குழியையா, இடைவெளியையா?

‘முதல்… வரை’ கணக்கும் இதே குடும்பம். கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95. தமிழ் படித்த உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. பொருட்பால் 39-ஆம் அதிகாரம் முதல் 108 வரை. எத்தனை அதிகாரம்? 108-இல் 39 போனால் 69 என்று கை தானாக எழுதும். ஆனால் 70 என்று உங்களுக்குத் தெரியும். 39-ஐக் கழித்தபோது 39-ஆவது அதிகாரத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம். எறியவேண்டியது 38 அதிகாரங்களைத்தான். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் அப்படித்தான். நவம்பர் 24 கொடியேறி டிசம்பர் 3 வரை பத்து நாள். நவம்பரில் ஆறு நாள் என்று எண்ணுகிறவன் கொடியேற்றத்தையே விட்டுவிட்டான். தேதிக் கணக்கில் சந்தேகம் வந்தால் இந்தத் திருவிழாவை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடமிருந்து, வலமிருந்து என்று ஒரே ஆளுக்கு இரண்டு இடம் கொடுத்து மொத்தம் கேட்டால் கூட்டி ஒன்று கழிக்கச் சொல்கிறார்கள். ஏன் கழிக்கிறோம்? அந்த ஆளை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிவிட்டோம். ஒருமுறை அவர் அதிகம். அவ்வளவுதான் சூத்திரம். வகுப்பில் தேறியவர்களில் ஒருவன் மேலிருந்து 12-ஆவது, கீழிருந்து 27-ஆவது, தேறாதவர்கள் 5, தேர்வே எழுதாதவர்கள் 3 என்றால், அவனை ஒருமுறை கழித்து 38. அப்புறம் வெளியே நிற்கும் எட்டுப் பேரையும் உள்ளே கூப்பிட்டால் 46. ‘தேறியவர்களில்’ என்ற சொல்லைக் கண் தாண்டிவிட்டால் 38-இலேயே நின்றுவிடுவீர்கள். அந்த 38 கட்டாயம் ஒரு விடையாக இருக்கும். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் நம்மைவிட நம் தப்புகளை நன்றாக அறிந்தவர்கள்.

இந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்ட ஒரு பாட்டியைத் தக்கலையில் ஒரு கிளினிக்கில் பார்த்தேன். எனக்கு டோக்கன் 34. உள்ளே 17 போயிருந்தது. இன்னும் பதினேழு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று நான் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “உள்ள போனவன எதுக்கு எண்ணுதே? உனக்க முன்ன பதினாறு பேரு உண்டும் மக்களே” என்றார். ‘இடையே’ என்றால் இரண்டு முனையும் சேராது. 34-இல் 17 போக 17, அதில் இன்னும் ஒன்று போக 16. அவருடைய டோக்கன் 35. எனக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணி வைத்திருந்தார் என்றால் என்னைப் பற்றியும் ஏதோ முடிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இடம் மாற்றிக்கொள்ளும் கணக்குக்கு வகுப்பில் நான் ஒன்றுதான் சொல்வேன்: சீட் நகராது, ஆள்தான் நகரும். ஒருவர் இடமிருந்து 9-ஆவது, இன்னொருவர் வலமிருந்து 14-ஆவது. இருவரும் இடம் மாறியபின் முதலாமவர் இடமிருந்து 21-ஆவது ஆகிறார். அப்படியென்றால் அந்த ஒரே சீட் இடமிருந்து 21, வலமிருந்து 14. மொத்தம் 34. இரண்டாமவர் இப்போது உட்கார்ந்திருப்பது இடமிருந்து 9-ஆவது சீட்டில். அதற்கு இடப்பக்கம் எட்டுப் பேர் என்பதால் வலமிருந்து 26. ஆட்களைத் துரத்திக்கொண்டு ஓடினால்தான் தலை சுற்றும்.

உயரம், வயது, மதிப்பெண் என்று ‘இவனைவிட அவன்’ கணக்கு வந்தால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. தெரியாததை மட்டும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

எண்ணுகிற கணக்கில் எனக்குப் பிடித்தது 9 கணக்கு. 1 முதல் 100 வரை எழுதினால் 9 எத்தனை முறை வரும்? ஒன்றின் இடத்தில் பத்து, பத்தின் இடத்தில் பத்து, ஆக 20. எத்தனை எண்களில் 9 வருகிறது? 19. ஏனென்றால் 99 இரண்டு கூட்டத்திலும் நிற்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணப்பட்ட அதே ஆள்தான் இங்கே 99 என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ‘முறை’ கேட்டால் அவரை இரண்டு தடவையும் விட்டுவைக்கவேண்டும், ‘எண்கள்’ கேட்டால் ஒருமுறை கழிக்கவேண்டும். பத்துப் பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் 90 அல்ல 45 என்பதும் இப்படித்தான். அங்கே ஒவ்வொரு குலுக்கலையும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பாருங்கள், முதல், வரை, இடையே, தேறியவர்களில், முறை என்று இதுவரை வந்த இடறல் எல்லாமே தமிழ்ச் சொற்கள். தமிழில் தொண்ணூறு எடுப்பவர் இதில் ஏன் தடுமாறவேண்டும்? கணக்கு என்றதும் வாக்கியத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் பொறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். 15, 20, 4 என்று பொறுக்கியதும் எந்தச் சூத்திரம் என்று தேடல். நானும் வாழைக்கன்று வாங்கப் போனபோது 72, 6 என்று இரண்டைத்தான் பொறுக்கிக்கொண்டு போனேன்.

தேர்வு அறையில் ஒன்று கவனியுங்கள். தமிழ் வாக்கியம் இரண்டு விதமாகப் பொருள்பட்டால் ஆங்கில வடிவத்தையும் ஒருமுறை பாருங்கள். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று தேர்வாணையம் வினாத்தொகுப்பிலேயே அச்சிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் வருத்தப்படுவதற்கு ஒன்றரை மதிப்பெண் தரமாட்டார்கள். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், சராசரியாகக் கேள்விக்கு 54 விநாடி. தமிழில் உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. மிச்சம் பிடிப்பதைக் கணக்கின் 25 கேள்விகளுக்குக் கொடுத்தால் கோடு போட நேரம் இருக்கும்.

சூத்திரத் தாளைக் கிழிக்கவேண்டாம். கோட்டில் போட்டு விடை கண்டபின் அதை எடுத்துப் பாருங்கள், ஒத்துப்போகிறதா என்று.

அப்புறம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே தொட்டியைத் தாங்கி நிற்கும் தூண்கள் 28 என்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூண்களை நீங்கள் எண்ணுங்கள், இடைவெளிகளை அவன் எண்ணட்டும். 27 வந்ததா, 29 வந்ததா, இரண்டு கரைகளிலும் தொட்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி எண்ணுவது நல்லது. மேலே நடந்துகொண்டே எண்ணினால் காற்றில் கணக்கு விட்டுப்போகும்.