பத்து மணிப் பசியும் வாரத்துக்கு ஒரு ஊசியும்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வாசகி ஒருவர் தம் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு வயது 51. ஆறு வருடங்களாகச் சீனி வருத்தம் இருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த மெட்போமினையும் கிளிக்லசைட்டையும் எடுத்துவருகிறார். காலையில் இரண்டு கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் சீனி போட்ட தேத்தண்ணியோடு அவசரமாக முடித்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறவருக்கு, பத்து மணிக்கெல்லாம் தாங்க முடியாத பசி வந்துவிடுகிறதாம். "வயிறு நிறையச் சாப்பிட்டும் ஏன் இப்படி? டுபாயிலிருக்கும் தம்பி பசியை அடக்கும் வாராந்த ஊசியை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான், போடலாமா?" என்று கேட்கிறார்.

ஊசியைப் பற்றிப் பேசுமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கிளிக்லசைட், இரத்தத்தில் குளுக்கோசு குறைவாக இருக்கும் வேளையிலும் இன்சுலினைச் சுரக்கவைக்கக்கூடிய மருந்து. ஆகவே அந்தப் பசியோடு வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவையும் வருமானால், அது குளுக்கோசு தாழ்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீற்றரில் பார்க்கும்போது 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சரியான பிறகு ஏதாவது உணவும் சாப்பிட வேண்டும். மீற்றர் கையில் இல்லாவிட்டாலும் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் சீனித் தண்ணீரைக் குடிக்கத் தாமதிக்கக் கூடாது. இதைக் கிளினிக் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

குளுக்கோசு தாழவில்லை, வெறும் பசிதான் என்றால், விடை குடலில் இருக்கிறது. வெறும் வயிற்றில் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹோர்மோன் சுரந்து மூளையில் பசியைத் தூண்டுகிறது. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தார்கள். உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தை அடையும்போது கொலிசிஸ்டோகைனின் சுரந்து, பித்தப்பையைச் சுருங்கச் செய்து, சதையியின் (கணையத்தின்) நொதிகளை வரவழைத்து, இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கிறது. அதற்கும் கீழே, சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் ஏராளமாக உள்ள எல் கலங்களிலிருந்து ஜீ.எல்.பி-1, பீ.வை.வை. ஆகிய ஹோர்மோன்கள் சுரக்கின்றன. "போதும்" என்ற நிறைவைத் தருவதில் இவ்விரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்த ஹோர்மோன்கள் இரத்தத்தோடு உடலெங்கும் சென்றாலும், அவற்றுக்குரிய வாங்கிகள் (ஏற்பிகள் என்றும் எழுதுவார்கள்) உள்ள கலங்கள் மட்டுமே அவற்றுக்குச் செவிசாய்க்கின்றன. தோட்டத்துப் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் இடத்தில்) பெயர் வாசிக்கும்போது எல்லாருடைய காதிலும் விழுந்தாலும், பெயருக்கு உரியவர்தானே பதில் சொல்கிறார்! ஜீ.எல்.பி-1இன் வாங்கி சதையியின் பீட்டா கலங்களில் இருப்பதால் அங்கே இன்சுலின் சுரப்பு கூடுகிறது; அதுவும் குளுக்கோசு உயர்ந்திருக்கும்போது மட்டுமே. மூளையில் பசியை ஆளும் பகுதிகளிலும் அதே வாங்கி இருப்பதால் உண்ணும் விருப்பம் தணிகிறது. குளுக்கோசை நாளத்தில் ஏற்றுவதைவிட வாயால் உட்கொள்ளும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரப்பதற்கும் குடலின் இந்த அறிவிப்பே காரணம். இரண்டாம் வகை நீரிழிவில் இந்த விளைவு மங்கிவிடுகிறது.

இப்போது அம்மாவின் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள். தீட்டிய கோதுமை மாவும் சீனித் தேத்தண்ணியும் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், கீழேயுள்ள எல் கலங்களை எட்டுவது கொஞ்சமே. புரதமும் குறைவு. அவசரமும் ஒரு காரணம்: 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு ஐஸ்கிரீமை 5 நிமிடத்தில் உண்டபோது இருந்ததைவிட 30 நிமிடத்தில் ஆறுதலாக உண்டபோது ஜீ.எல்.பி-1, பீ.வை.வை. இரண்டும் கூடுதலாக உயர்ந்தன. பெரட்டுக்கு ஓடும் ஒருவரிடம் அரை மணிநேரம் இருந்து சாப்பிடச் சொல்வது நியாயமில்லை என்பதை அறிவேன். ஆனால் முதல் நாள் இரவே அவித்துவைத்த கடலை, கௌபி அல்லது பயறில் ஒரு கோப்பையை, இயலுமானால் ஒரு முட்டையுடன், ரொட்டிக்கு முன்னால் சாப்பிடலாம். இரண்டு ரொட்டியை ஒன்றாக்கி, மாவில் ஒரு பங்கு குரக்கன் மா சேர்க்கலாம். தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடிக்கலாம். அவரையின நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பமிலங்களுக்கும் எல் கலங்களில் வாங்கிகள் உண்டு. ரொட்டியைக் குறைக்கும்போது குளுக்கோசு தாழக்கூடும் என்பதால், இந்த மாற்றங்களையும் கிளினிக்கில் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

இனி ஊசி. உடலில் சுரக்கும் ஜீ.எல்.பி-1 இரண்டொரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அப்படிச் சிதையாமல் அதே வாங்கியில் பொருந்தும் மருந்தாக முதலில் வந்த எக்செனடைட், அமெரிக்காவின் ஹீலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட பொருளிலிருந்து உருவாகி 2005இல் அங்கே அனுமதி பெற்றது. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் 2017இலும், இரண்டு குடல் ஹோர்மோன்களின் வாங்கிகளில் வேலை செய்யும் டிர்செபடைட் 2022இலும் வந்தன. இவை நல்ல மருந்துகள். உணவு மாற்றத்தால் கிடைக்கும் பலன் இவற்றின் வலிமைக்கு ஈடாகாது.

ஆயினும் தம்பி ஊசியை வாங்கி அனுப்ப வேண்டாம் என்றே சொல்வேன். கிளிக்லசைட்டோடு சேரும்போது குளுக்கோசு தாழும் ஆபத்து கூடும். குமட்டல், வாந்தி சாதாரணமாக வரும். பித்தக்கல்லும் சதையி அழற்சியும் வரக்கூடும். குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. கண்ணின் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், குளுக்கோசு திடீரென இறங்குவதால் அது மோசமடையலாம். திறக்காத ஊசியை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். பயணப் பெட்டியில் வரும் ஊசி அப்படி வந்ததா என்று எவரும் உறுதிசொல்ல முடியாது. எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறையும் என்பதால், அம்மா ஏற்கெனவே மெலிந்தவராக இருந்தால், நாள் முழுதும் ஏற்றத்தில் நின்று கொழுந்தெடுக்கும் அவருக்கு அது இழப்பாகும். நிறுத்தினால் பசியும் எடையும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் ஒரு வாரம், பசி வந்த நேரத்தையும் அப்போதைய குளுக்கோசு அளவையும் காலையில் உண்டதையும் ஒரு கொப்பியில் எழுதி எடுத்துச்செல்லுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிக் குளுக்கோசு நிலையைக் காட்டும் எச்.பீ.ஏ.1.சீ. இரத்தப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியர் அவற்றைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.